பஸ்ஸும் போலீஸ் ஸ்டேஷனும்

பஸ்ஸில் பெண்களுக்கு நடக்கும் தொல்லையைப் பற்றி யாராவது வாயெடுத்தால், நமது நாட்டு யோக்கியர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கின்றது. அதாவது, "அவ்வளவு கூட்டத்தில் அவள் ஏன் ஏறினாள்?" என்பதேயாகும். உரசினவனைக் கேட்பாரில்லை. படியை அடைத்துக்கொண்டு நின்று ஆபாசப் பாட்டுப் பாடினவனைக் கேட்பாரில்லை. கேள்வியெல்லாம் உரசப்பட்டவளுக்கே!

அதே பஸ்ஸில் ஒருவனுடைய சட்டைப்பையை மற்றொருவன் கத்தரித்துவிட்டால் என்ன நடக்கின்றது? "நீ ஏன் பையில் பணம் வைத்தாய்?" என்று பறிகொடுத்தவனை எவனாவது கேட்கின்றானா? "பிடி, பிடி" என்று பஸ் முழுவதும் எழுந்து நிற்கின்றது. டிரைவர் வண்டியை நிறுத்துகின்றார். கதவை மூடு என்கின்றார்கள். ஆகவே, நம்மவர்களுக்குத் தைரியமில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். தைரியம் இருக்கின்றது, அது பணத்துக்காக வருகின்றது, பெண்ணுக்காக வருவதில்லை என்றுதான் சொல்லுகின்றோம்.

1999-ஆம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி இரவு சுமார் பதினொரு மணிக்கு, தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் தன் புருஷனுடன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். குடிபோதையில் ஒருவன் வந்து அந்தப் பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டான். அவன் யார் தெரியுமா? குற்றால சீசன் பந்தோபஸ்துக்கென்று அனுப்பப்பட்ட போலீஸ்காரன்! பக்கத்தில் புருஷன் இருந்தும் இப்படி நடந்தது. "துணையோடு போனால் தொல்லை வராது" என்று உபதேசம் செய்கின்ற கனவான்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுவார்களாக.

இலாகா விசாரணையில் அவனுக்கு வேலை போயிற்று. ஆனால் கிரிமினல் கோர்ட்டில், பிராது கொடுத்த பெண்ணும் அவர் புருஷனுமே முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னதால் அவன் விடுதலையானான். விடுதலையைக் காட்டி ஹைக்கோர்ட்டில் வேலையையும் திரும்பப் பெற்றான். கடைசியில் 2012-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அவனை நீக்கினது சரியே என்று தீர்ப்பளித்தது. அந்தத் தம்பதிகளை நாம் குறை கூறவில்லை. குற்றம் செய்தவன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கவும், அதைப் பொறுத்தவள் "மானம் போயிற்று" என்று தலைகுனியவும் கற்றுக்கொடுத்திருக்கின்ற நாட்டில், சாட்சிக் கூண்டேறுவது எந்தப் பெண்ணுக்குச் சுலபமாயிருக்கும்? மானம் போகவேண்டியது தொட்டவனுக்கல்லவா?

நிற்க, அந்தத் தீர்ப்போடு சுப்ரீம் கோர்ட்டு சில கட்டளைகளும் இட்டது. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் முதலிய இடங்களில் சாதாரண உடையில் பெண் போலீசார் இருக்கவேண்டும்; காமிரா வைக்கவேண்டும் என்பவை அவற்றுள் சில. நாம் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. ஓடும் பஸ்ஸில் ஒரு பெண் பிராது சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் அந்தப் பஸ்ஸையே பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போக வேண்டும். போகாவிட்டால் வண்டியின் பர்மிட்டே ரத்தாக வேண்டும் என்பதாகும்.

இது நமக்குப் புதிதல்ல. தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றமாட்டோம் என்று முதலாளிகள் அடம்பிடித்த காலத்தில், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த சௌந்தரபாண்டியனார், "மனிதரை மனிதராக நினையுங்கள்" என்று காலட்சேபம் செய்துகொண்டிருக்கவில்லை. ஏற்ற மறுத்தால் லைசென்சு போய்விடும் என்றார், ஏற்றினார்கள். முதலாளியின் மனம் மாறிற்றோ இல்லையோ, கதவு திறந்தது! மனம் மாறும்வரை பஸ்ஸுக்குக் காத்திருக்க யாரால் முடியும்?

ஆனால் இன்று ஒரு சங்கடமுண்டு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஏராளமான பஸ்களுக்குச் சர்க்காரே முதலாளி. தன் வண்டியின் பர்மிட்டைத் தானே ரத்து செய்துகொள்ளுகின்ற முதலாளியை நாம் கண்டதில்லை. ஆகையால் பொறுப்பு கண்டக்டர் தலையில் வந்து நிற்கின்றது. 2022-ஆம் வருஷம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பெண்களை முறைப்பது, கண்ணடிப்பது, சீட்டியடிப்பது யாவும் குற்றமென்றும், அப்படிப்பட்டவனைக் கண்டக்டர் இறக்கிவிடவோ போலீசில் ஒப்படைக்கவோ வேண்டுமென்றும் ஏற்படுத்தினார்கள். உதவி செய்வதுபோல் பெண்ணைத் தொடுகின்ற கண்டக்டரும் தப்பமுடியாது. விதி நல்ல விதிதான். ஆனால் மூச்சுவிட இடமில்லாத வண்டியில் சீட்டுக் கிழித்துக்கொண்டு, சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும் ஒற்றை ஆள், நாலு முரடர்களை எப்படி இறக்குவார்? வண்டியை ஸ்டேஷனுக்குத் திருப்பினால் டிப்போவில் "ஏன் தாமதம்?" என்று மெமோ வராது என்று அவருக்கு உறுதி கொடுத்தது யார்? அந்த உறுதியை எழுத்தில் கொடுக்கும்படி சர்க்காரை நாம் கேட்கின்றோம்.

பெண்களுக்கென்று தனிப் பஸ் விட்டுவிட்டால் போதும் என்று சிலர் சொல்லுகின்றார்கள். திருடனுக்குத் தெருவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரனைப் பரணில் ஏறச் சொல்லுவது போன்றது இது. 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆன பிறகு, கூலிக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தைரியமாக வெளியே வந்த பெண்கள் ஏராளம். அவர்களைப் பார்த்து, "காசு கொடுக்காமல் வருகின்றவளுக்கு வாய் வேறா?" என்று கேட்கின்ற வீரர்களும் இருக்கின்றார்கள். பிரயாணச் சீட்டின் விலைக்குத் தக்கபடிதான் மரியாதை என்றால், பிள்ளைப் பருவத்தில் ஓசியாகப் பஸ் ஏறின இவர்களை அன்றைக்கு யார் யார் மிதித்திருக்கலாம்?

தோழர்களே! நாம் கேட்பது அரைமணி நேரந்தான். ஒரு பெண் எழுந்து "இவன் என்னைத் தொட்டான்" என்று சொல்லி, கண்டக்டரும் விசில் கொடுத்து, டிரைவர் வண்டியை ஸ்டேஷன் பக்கம் திருப்பும்போது, முதலில் கூச்சல் போடுகின்றவன் தொட்டவனல்ல. "எங்களுக்கு நேரமாகின்றது, அவளை இறக்கிவிட்டு வண்டியை விடய்யா" என்று பின் சீட்டிலிருந்து கத்துகின்ற நம்மவனேயாவான்.