குவேனியின் காணி உறுதி எங்கே?

“மாயப் படம் எடுத்து என்ன பயன்? அதனால் ஓர் ஏக்கர் நிலமாவது திரும்பி வருமா?”

பா. இரஞ்சித் அவர்களின் ‘தங்கலான்’ 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் திரைக்கு வந்தது முதல் இக்கேள்வி நம் காதிலும் விழுந்துகொண்டேயிருக்கின்றது. சரித்திரத்தைச் சரித்திரமாகவே எடுத்திருக்கலாமே, பேயும் பாம்பும் சூனியக்காரியும் எதற்கு என்கின்றனர் படித்த அன்பர்கள் சிலர். சட்டம் படித்தோரும் கணக்குப் பார்ப்போரும் இவ்வாறு கேட்பது வியப்பன்று. கடதாசியில் இல்லாதது அவர்களுக்கு உலகத்திலேயே இல்லை. ஆனால் சிலாபம் முதல் புத்தளம் வரை நீண்டு கிடக்கும் இக்கரையோரத்துத் தமிழ் பேசும் மக்களாகிய நாம் அக்கேள்வியை அப்படியே ஏற்றுக்கொள்வோமாயின், நம்மிடம் எஞ்சியுள்ள ஆவணத்தை நம் கையாலேயே கிழித்தெறிந்தவர்கள் ஆவோம். ஏனெனில் உறுதி எழுதப்படாத நிலத்துக்குக் கதைதான் உறுதி.

‘தங்கலான்’ சொல்வது என்ன? வட ஆற்காட்டு உழவன் ஒருவன் விளைச்சல் எரிந்து, வரி செலுத்த வகையின்றித் தன் நிலத்தைப் பறிகொடுக்கின்றான். வெள்ளைத்துரை ஒருவன் பின்னே கோலாருக்குப் பொன் தேடிப் போகின்றான். அங்கே அப்பொன்னைக் காத்து நிற்கிறாள் ஆரத்தி. யாரை அழித்துப் பொன்னை அள்ள வந்தானோ, அவளுடைய மண்ணுக்கே தானும் உரியவன் என்று அவன் உணர்வதில் கதை முடிகின்றது. இது நடந்ததா என்று கேட்பவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி இது: கோலார் சுரங்கத்தில் 1880 முதல் 2001 வரை பொன் எடுத்தார்கள். நிலத்துக்கடியில் இறங்கியோரிற் பெருந்தொகையினர் வட ஆற்காட்டிலிருந்தும் அயலிலிருந்தும் சென்ற ஒடுக்கப்பட்ட தமிழ் மக்கள். எடுத்த பொன்னின் நிறையைக் கம்பெனியின் பேரேடு அவுன்சு பிசகாமற் சொல்லும். அந்தத் தொழிலாளியின் பாட்டி எந்தத் தெய்வத்துக்கு அஞ்சினாள், எந்த மேட்டைத் தன் மேடு என்றாள் என்பதைச் சொல்லுமா? ஏடு எழுதாததை எழுதக் கற்பனை ஒன்றே உண்டு. படத்திற் குறையில்லையா என்றால், உண்டு. பிற்பகுதியிற் கூச்சல் அதிகம்; சில காட்சிகள் பார்ப்பவரைக் குழப்புகின்றன. ஆயினும் அது எடுத்துக்கொண்ட வழி சரியான வழியே.

மாயக்கதை, மாயக்கதை என்று ஏளனம் செய்கிறார்களே, இந்நாட்டில் எழுதப்பட்ட மாபெரும் மாயக்கதை எது? 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்! காடாகவும் தரிசாகவும், குடியின்றியும் பயிரின்றியும் கிடக்கும் காணி யாவும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதென்று அது தானாகவே ஊகித்துக்கொண்டது. சேனை வெட்டி, குரக்கனும் எள்ளும் விதைத்து, பின் மண்ணுக்கு ஓய்வு கொடுத்துச் சில ஆண்டு கழித்து அதே இடத்துக்குத் திரும்புவது நம் குடியானவன் வழக்கம். அந்த ஓய்வுக் காலத்தில் அவன் காணி ‘ஆளற்ற காணி’ ஆகிவிட்டது. மனிதர் இருந்த இடத்தில் ஒரே வரியால் மனிதரை மறையச் செய்த இந்த வித்தையை எந்தப் படப்பிடிப்பு நிலையத்தால் செய்ய முடியும்? அதற்குப் பெயர் சட்டமாம். கிழவி சொல்லும் கதைக்குப் பெயர் மூடநம்பிக்கையாம்!

கதையால் ஓர் ஏக்கராவது வருமா என்று கேட்டவர்கள் ஒடிசாவின் நியமகிரியைப் பார்க்கட்டும். அங்கே டோங்கிரியா கொந்தர் என்னும் மலைமக்கள் வாழ்கின்றனர். மலையில் பொக்சைட்டுக் கனியம் இருக்கின்றது. வேதாந்தா கம்பெனியின் ஆலைக்கு அதை வெட்டத் திட்டமிட்டனர். மலைமக்களிடம் இருந்த வலுவான சாட்சி, அம்மலை தங்கள் நியமராசாவின் வீடு என்ற நம்பிக்கை. 2013 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், அவ்வழிபாட்டுரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவு செய்யட்டும் என்று தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கத் திட்டம் கைவிடப்பட்டது. தெய்வக் கதை நீதிமன்றத்தில் ஏறி நின்று மலையைக் காத்த வரலாறு இது. நம் சட்டத்தரணிகள் இதைச் சற்று ஊன்றிப் படிப்பது நன்று.

இனி நம் கரைக்கு வருவோம். விசயனும் தோழர்களும் வந்திறங்கிய இடத்தைத் தம்பபண்ணி என்கின்றது மகாவம்சம். களைத்து அமர்ந்தோரின் கைகள் தரையின் மண் பட்டுச் சிவந்தமையால் அப்பெயராம். அவ்விடத்தை இப்புத்தளக் கரையிலேயே தேடுவாரும், குதிரைமலையின் செம்மண் மேட்டைக் கைகாட்டுவாரும் உளர். அங்கே குவேனி என்னும் யக்கப்பெண் மரத்தடியில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். ஆம், நூல் நூற்றுக்கொண்டிருந்தாள்! பக்கத்தில் குளம் இருந்தது. வந்தவர் பசி என்றதும் கலங்களில் வந்த அரிசியையும் பண்டங்களையும் காட்டினாள். அவை அவள் தின்றுவிட்ட வணிகருடையவை என்று நூலாசிரியர் சேர்த்துக்கொள்கிறார். நாம் கேட்கின்றோம்: பேய்க்கு நூல் எதற்கு? மனிதரைத் தின்பவளுக்கு அரிசி எதற்கு? நூலும் அரிசியும் துறையும் குளமும் உடையோரைப் பேயென்று எழுதினால்தான், அவர்களைக் கொன்று நிலத்தை எடுத்தவன் வீரன் ஆவான். கலியாண விழா நடந்த இரவில் யக்கரை வெட்டி வீழ்த்தியதை அந்நூல் வெற்றியாகவே பாடுகின்றது.

அதே நிலப்பகுதியில், வில்பத்துக் காட்டுக்குள், பொம்பரிப்பு இருக்கின்றது. பொன்பரப்பி என்று நம்மவர் எழுதுவர் (கோலாரைப் பேசும்போது இப்பெயர் வந்து வாய்த்தது வேடிக்கைதான்). அங்கே முதுமக்கட் தாழிகள் புதைந்து கிடக்கின்றன. 1920களில் ஹோகாட்டும், 1970 இல் விமலா பெக்லி குழுவினரும் தோண்டிப் பார்த்தனர். தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவை ஒத்திருப்பதை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே இக்கரை ஆளற்ற கரையாய் இருந்ததில்லை. தாழிக்குள் கிடந்தவர் யார், என்ன பேசினார் என்பதை எலும்பு சொல்லாது. அந்த இடைவெளியில்தான் கற்பனைப் படத்துக்கு வேலை இருக்கின்றது.

அவ்வேலையைச் செய்தவர் எவர்? சிங்கள நாடக மேடையில் ஹென்றி ஜயசேன 1963 இல் ‘குவேனி’யை நிறுத்தி அவளைப் பேச வைத்தார். அதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். பண்டுகாபயன் கதையை ஜாக்சன் அந்தனி 2008 இல் ‘அபா’ என்று படமாக்கினார். ஆனால் அங்கும் அரசன் ஒருவனின் எழுச்சியே கதை. அமெரிக்கர் 2009 இல் எடுத்த ‘அவதார்’ உலகமெங்கும் ஓடியது. ஆதிகுடிகளுக்கு அவர்களுடைய போரையே கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு வீரன் வரவேண்டியிருந்தது அதில்.

பிறரைச் சொன்னது போதும். நம்மவர் எடுத்தால் என்ன செய்வார்கள் என்பதே நம் அச்சம். குவேனி தமிழரசி, யக்கர் தமிழர், ஆகவே இலங்கை முழுவதும் எமதே என்று மேடையில் முழங்கும் வீரர்கள் நம்மிடையே மலிந்துவிட்டனர். இவர்கள் கதையை முழுவதும் படித்தார்களா? குவேனியையும் அவள் பெற்ற இரு குழந்தைகளையும் விரட்டிவிட்டு விசயன் மணந்த அரசகுமாரி எங்கிருந்து வந்தாள்? மதுரையிலிருந்து! பாண்டியன் மகள் பரிவாரத்தோடு வந்து இறங்கவே, யக்கப்பெண் தன் குலத்தாரிடம் திரும்பிப்போய் அவர்கள் கையால் மாண்டாள். பிள்ளைகள் மலைநாட்டுக்கு ஓடிப் பிழைத்தனர். வேடரை அவர்கள் வழித்தோன்றல் என்பது வழக்கு. இக்கதையில் நாம் குவேனியின் பக்கம் மட்டும் நிற்கவில்லை. மணப்பெண்ணின் பக்கமும் நிற்கின்றோம். இதை மறைத்து எடுக்கும் படம் பொய்ப்படம்.

கதையோடு போகட்டும். வாகரையிலும் மூதூரிலும் தமிழ் பேசும் வேடர் இன்றும் இருக்கின்றனர். அவர்களை நம் பந்தியில் சமமாக இருத்தினோமா? 1983 இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக்கி, வேடர் தம் காட்டில் வேட்டையாடுவதைக் குற்றமாக்கியபோது நம் ஏடுகளில் எத்தனை கண்டித்து எழுதின? 1990 அக்டோபரில் ‘தாயக மண்’ என்று பேசிய துப்பாக்கிகள் வடபுலத்து முசுலிம் மக்களை வேரோடு பெயர்த்து விரட்டின. அவர்களிற் பெரும்பாலோர் வந்து ஒதுங்கியது இதே புத்தளத்தில். மூதாதையர் நிலம் என்னும் சொல் பிறரை வெளியேற்றும் கட்டளையாக எவ்வளவு எளிதில் மாறும் என்பதற்கு இக்கரையே சாட்சி. ஆதலால் குவேனியை ஓர் இனத்தின் கொடிக்கம்பத்தில் கட்டும் படம் நமக்கு வேண்டாம்.

வேண்டுவது எது? இக்கரையின் வாய்மொழியில் பேசும் படம். நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடையே, பாட்டனார் தமிழிற் செபம் சொன்ன வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழெழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்தின் போதனாமொழி மாறியது. 1956 இன் சட்டம் வந்தது. இரண்டு தலைமுறையில் காரியம் முடிந்தது. யாரும் யாரையும் இங்கிருந்து துரத்தவில்லை. நிலம் அப்படியே இருக்கின்றது, மனிதரும் இருக்கின்றனர், இருவரையும் இணைத்த பேச்சுத்தான் இல்லை. இப்படி இரண்டு மொழிக்கிடையில் நிற்கும் மீனவனைவிடக் குவேனியின் பிள்ளைகளை நன்கு விளங்கிக்கொள்ளக்கூடியவன் யார்? படம் தமிழும் சிங்களமும் கலந்து பேசட்டும். குவேனியாக நடிக்கச் சென்னையிலிருந்து வெள்ளைத்தோல் நாயகியை வருவிக்காமல், கடல் வெயிலில் கறுத்த முகம் ஒன்றைத் தேடட்டும். நம் மக்களைக் கூட்டக்காட்சிக்கு நாட்கூலி பேசி நிறுத்திவிட்டுப் போகாமல், கதை அமைக்கும் மேசையிலும் அவர்களுக்கு இடம் தரட்டும்.

பணம் எங்கே என்பார்கள். பணம் பிந்திய பேச்சு. கற்பிட்டியிற் பிறந்து, சிலாபத்தில் நீதிபதியாய் இருந்த சைமன் காசிச்செட்டி, உத்தியோகத்துக்கு நடுவிலே 1834 இல் இலங்கை அகராதியையும் 1859 இல் தமிழ்ப் புலவர் சரிதத்தையும் எழுதி முடித்தார். அவரிடம் படப்பெட்டியும் இல்லை, ஒலிப்பதிவுக் கருவியும் இல்லை. இன்று நம் ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இரண்டும் ஒரே கருவியாய்க் கிடக்கின்றன. முன்னேசுவரத்தின் அயலூர்களிலும், முந்தலிலும், உடப்பின் கரைவலைத் துறையிலும் முதியோர் சொல்லும் காவற்றெய்வக் கதைகளை, வலை இழுக்கும் அம்பாப் பாட்டுகளை, இந்தக் காடு யாருடையது, அந்தக் குளம் யார் கட்டியது என்னும் ஊர்ப்பேச்சைப் பதிந்து ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். தென்னந்தோட்டக்காரரும் வயற்காரரும் தத்தம் ஊர்க் கதைகளை இவ்வலுவலகத்துக்கு எழுதியனுப்பலாம். சிங்களத்தில் எழுதினும் ஏற்போம். ஆடியில் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிற் தீமிதிப்புக்கு ஊரைவிட்டுப் போனவர்களும் திரும்பி வருவார்கள். அதற்குள் முதற் தொகுதி கைக்கு வந்தால், படம் எடுக்க விரும்புவோரை அங்கேயே அழைத்து உட்காரவைத்துப் பேசலாம்.