இருட்டை அளந்து கொடுக்காதீர்கள்

நியூயார்க் பிராட்வேயில் நாடகக் கலைஞர் ஒருவர் மறைந்தால், ஒரு மாலை, காட்சி தொடங்கும் முன் தியேட்டர்களின் முகப்பு விளக்குகளை ஒரு நிமிடம் அணைத்து வைப்பார்கள். பெயர்ப்பலகை பல்புகள் அணைந்ததும் நடைபாதையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறார்கள். 1952-ல் ‘தி கிங் அண்ட் ஐ’ நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் நாயகி கெர்ட்ரூட் லாரன்ஸ் இறந்தார். அவருக்காக விளக்குகள் அணைந்தன. அந்த நாடகத்தை எழுதிய ஆஸ்கர் ஹேமர்ஸ்டைனுக்கு 1960-ல் டைம்ஸ் ஸ்கொயரே இருண்டது.

எனக்கு உறுத்துவது, யாருக்கு எத்தனை தியேட்டர் என்று உரிமையாளர்கள் கூடி முடிவெடுப்பதுதான். 2014-ல் நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸுக்கு முதலில் மறுத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் இணங்கினார்கள். 2024-ல் 48 வயதில் புற்றுநோய்க்குப் பலியான கேவின் கிரீல், டோனி விருது வாங்கிய நடிகர். அவருக்குச் சில தியேட்டர்கள் போதும் என்றார்கள். சக கலைஞர்களும் ரசிகர்களும் கொதித்தெழுந்த பிறகுதான் எல்லாத் தியேட்டர்களும் சம்மதித்தன. துக்க வீட்டில் மாலையை முழம் போட்டு அளப்பது போன்ற காரியம் இது.

அறுபது விநாடி இருட்டால் எந்தக் காட்சியும் நின்றுபோவதில்லை. வாழ்நாளை மேடைக்குக் கொடுத்த எவருக்கும், பார்வையாளர்கள் முகமே பார்த்திராத ஒப்பனைக்காரருக்கும்கூட, கணக்குப் பார்க்காமல் அணையுங்கள்.