மேல் டிவிஷனுக்கு என்ன அவசரம்?

சங்கத்து மலரில் கால்பந்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கக்கூடும். பொங்கல் விழா அறிக்கைக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில் இது எங்கே வந்தது என்று நினைக்கலாம். விஷயம் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. சங்கத்தின் பணத்தைப் பற்றியதும்கூட. அதனால்தான் எழுதுகிறேன்.

கட்கி, தேஹு ரோடு, கோர்ப்படிப் பக்கம் வசிக்கும் நம் பையன்கள் பலர் சேர்ந்து ஆடும் ஒரு சிறிய கால்பந்துக் கழகம் இருக்கிறது. (கழகம் என்றதும் அரசியல் நினைவு வரவேண்டாம்!) பெயர் இங்கே வேண்டாம், அன்பர்களுக்குத் தெரியும். மாவட்ட லீகில் நன்றாக ஆடிப் போன வருடம் ஒரு படி ஏறியிருக்கிறார்கள். சந்தோஷம். இந்த வருடமே அடுத்த படியையும் தாண்டி மேல் டிவிஷனுக்குப் போய்விட வேண்டும் என்று இப்போது ஒரு வேகம் பிறந்திருக்கிறது. அதற்காக வெளியிலிருந்து நான்கு ஆட்டக்காரர்களைச் சம்பளம் பேசி அழைத்துவரப் போகிறார்களாம். சங்கம் நன்கொடை தரவேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. செயற்குழுவில் பாதிப் பேர் “கொடுத்துவிடலாம்” என்கிறார்கள். மீதிப் பேர் “யோசிக்கலாம்” என்கிறார்கள். நான் யோசிக்கிற கட்சி.

காரணம், இந்த அவசரத்தின் பெரிய பதிப்பை நாம் இதே புனேயில் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

2007-ல் அசோக் பிரமல் குழுமத்தார் புனே எஃப்.சி. என்ற கிளப்பை ஆரம்பித்தார்கள். இரண்டே வருடம். 2009-ல் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஐ-லீகுக்கு ஏறிவிட்டார்கள். அன்றைக்கு அதுதான் நாட்டின் முதல் டிவிஷன். புதிதாக வந்தவர்கள் அடி வாங்கித் திரும்புவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். முதல் சீசனிலேயே, 2009-10-ல், மூன்றாம் இடம்! கோவாக்காரர் டெரிக் பெரேரா பயிற்சியாளர். 2012-13-ல் சர்ச்சில் பிரதர்ஸுக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம். 2014-ல் ஏ.எஃப்.சி. கோப்பையில் வெளிநாட்டு அணிகளோடு ஆடினார்கள். தேஹு ரோடுக்குப் பக்கத்தில் மாமுர்டியில் பயிற்சித் திடலும் அகாதமியும் வைத்தார்கள். இன்று இந்திய அணிக்கு ஆடியவராகப் பலருக்கும் தெரிந்த மலப்புரத்துப் பையன் ஆஷிக் குருணியன் அந்த அகாதமியில் வளர்ந்தவர்தான். ஆக, சீக்கிரம் மேலே போனதால் ஆட்டம் கெட்டது என்று சொல்லவே முடியாது. ஆட்டத்தில் அவர்கள் குறை வைக்கவில்லை.

அப்படிப்பட்ட கிளப் 2015-ல் இல்லாமல் போயிற்று.

என்ன நடந்தது? 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. பணமும் தொலைக்காட்சியும் சினிமா நட்சத்திரங்களும் அந்தப் பக்கம் போய்விட்டன. புனேக்கென்றே அதில் எஃப்.சி. புனே சிட்டி என்று தனியாக ஒரு அணி. ஏணியின் உச்சிப்படி என்று நம்பி ஏறி நின்ற இடம் ஒரே வருடத்தில் உச்சிப்படியாக இல்லாமல் போனது. 2014-15 சீசனோடு புனே எஃப்.சி. முடிந்தது. அதன் அகாதமியை எஃப்.சி. புனே சிட்டி எடுத்துக்கொண்டது. அந்த எஃப்.சி. புனே சிட்டியும் 2017-18-ல் அரையிறுதிவரை வந்த பிறகு, 2019-ல் மூடப்பட்டு அதன் இடம் ஹைதராபாத்துக்குப் போயிற்று. அங்கே உருவான அணி 2021-22-ல் கோப்பையையும் வென்றது. நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதற்கு நடுவில் நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். 2014-ன் கடைசியில் கல்யாணி குழுமம் பாரத் எஃப்.சி. என்று ஒரு கிளப்பைத் தொடங்கியது. கீழ் டிவிஷனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நேரடியாக ஐ-லீகில் இடம் கிடைத்தது. ஒரே நகரத்தில், ஒரே பாலேவாடி அரங்கத்தில், ஒரே லீகில் இரண்டு அணிகள்! அந்த சீசனில் பாரத் எஃப்.சி. பதினோராவது, அதாவது கடைசி இடம். ஆனால் புது வரவு என்பதால் கீழே இறக்கக் கூடாது என்று விதி. அதனால் பத்தாவது இடத்தில் இருந்த கோவாவின் டெம்போ அணியை இறக்கினார்கள். ஐந்து முறை தேசியப் பட்டம் வென்ற டெம்போ! சில மாதங்களில் பாரத் எஃப்.சி. கடையைக் கட்டிவிட்டது. யாருக்கு என்ன லாபம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் இருந்தவன். எனக்கு எதைப் பார்த்தாலும் ரயில்தான் நினைவுக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மும்பையிலிருந்து வரும் வண்டிக்குக் கர்ஜத்தில் பின்னால் பேங்கர் எஞ்சின்களைக் கோர்ப்பார்கள். போர் காட் மலையில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம், முன் எஞ்சின் மட்டும் இழுத்தால் போதாது. லோனாவளா வந்ததும் பேங்கரைக் கழற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் வண்டி சொந்த எஞ்சினில் புனே வந்து சேரவேண்டும். பிரமல் பணமும் கல்யாணி பணமும் பேங்கர் எஞ்சின். அதில் தப்பே இல்லை. கழற்றின பிறகு இழுப்பதற்கு முன்னால் ஒரு எஞ்சின் இருந்ததா என்பதுதான் கேள்வி.

அந்த எஞ்சின் எது? ஊர் ஜனம். பாலேவாடி ஆட்டங்களுக்கு நான் போயிருக்கிறேன். 1994 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அருமையான வளாகம். ஆனால் ஊருக்கு வெளியே மும்பை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. கால்பந்து ஆடும் ஜனம் கட்கியிலும் கேம்பிலும் இருக்கிறது. ஒரு வேலை நாளில் கட்கியிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே போய், ஆட்டம் பார்த்து, இரவு வீடு திரும்புவது என்றால் எத்தனை குடும்பத்தால் முடியும்? பெரிய அரங்கத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் பேர் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்போம். கட்கிச் சந்தில் பந்து உதைக்கும் பையனிடம் “உன் அணி எது?” என்று கேட்டால் இங்கிலாந்து கிளப் பெயர் ஒன்றைச் சொல்வான். ஏழெட்டு வருடம் கீழ் டிவிஷனில் இந்த ஊர் அணிகளோடு மோதி, சண்டை போட்டு, தோற்று, ஜெயித்து வந்திருந்தால் அந்தப் பையன் வேறு பதில் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன்.

நம் தமிழ்நாட்டுக் கதையும் இதேதான். சென்னை சிட்டி எஃப்.சி. 2016-17 சீசனில் நேரடி இடம் வாங்கி ஐ-லீகுக்குள் வந்தது. முதல் இரண்டு வருடம் பத்து அணிகளில் எட்டாவது. மூன்றாம் வருடம், 2019 மார்ச் 9 அன்று, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்துப் பட்டம் வென்றார்கள். பெத்ரோ மன்ஸி என்ற உருகுவேக்காரர் அந்த சீசனில் 21 கோல் போட்டார். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம்! ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. கோவையில் கால்பந்து வேர்விட்டுவிட்டது என்று எழுதினார்கள். 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த அணி ஐ-லீகில் இல்லை. பட்டம் வென்று மூன்று வருடம் ஆவதற்குள்!

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார்: “பெங்களூரு எஃப்.சி.யை மறந்துவிட்டீர்களா?” மறக்கவில்லை. 2013-ல் அவர்களும் நேரடியாகத்தான் வந்தார்கள். முதல் சீசனிலேயே சாம்பியன். 2015-16-ல் மறுபடி. 2018-19-ல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பை. இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அவர்கள் முதல் சீசனை எங்கே ஆடினார்கள் என்று பாருங்கள். ஊர் நடுவில் அசோக் நகர் கால்பந்து அரங்கம். கொஞ்ச தூரத்தில் ஆஸ்டின் டவுன். தலைமுறை தலைமுறையாகப் பந்து உதைத்த தெருக்கள், அதில் பாதி நம் ஜனம். கிளப் புதிது, மண் பழையது. கூடவே, சுனில் சேத்ரியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர்களை நம்மோடு ஒப்பிட முடியுமா?

அவசரம் நம் ஊர் வியாதி மட்டுமில்லை. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் என்று செருப்புத் தைக்கும் தொழிலுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர் அணி 1961-ல் நான்காம் டிவிஷனை விட்டுக் கிளம்பி 1965-ல் முதல் டிவிஷனுக்கு வந்தது. அங்கே ஒரே ஒரு சீசன். 1969-ல் திரும்பவும் நான்காம் டிவிஷன். ஆனால் ஒன்று, அந்த கிளப் இன்றைக்கும் இருக்கிறது. கீழே விழுந்தபோது தாங்கிக்கொள்ள ஊர் இருந்தது.

நிற்க. தேஹு ரோடு நண்பர் ஒருவர், அவர் பையன் அந்தக் கழகத்தில் ஆடுகிறவன், என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். “சார், நீங்க சொல்றதெல்லாம் கோடீஸ்வரன் கதை. நம்ம பசங்களுக்கு மேல போனாத்தான் நாலு பேர் பார்ப்பாங்க. கீழயே இருந்தா, நல்லா ஆடற பையனை வேற கிளப்காரன் கொத்திட்டுப் போயிடுவான். ரயில்வேல, மிலிட்டரில வேலை கிடைக்கணும்னா பேரு வரணும் சார்.” அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. மேலே நல்ல நடுவர்கள், நல்ல தரை, கடுமையான எதிரணி எல்லாம் உண்டு. திறமையுள்ள பையன் எளிதாக ஜெயித்துக்கொண்டே இருந்தால் வளரமாட்டான் என்பதும் சரிதான்.

ஆனால் வேலை விஷயத்தில் நான் அவருக்குச் சொன்னதை எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன். விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலைக்கு ஆள் எடுக்கும்போது, மாவட்ட லீகில் எந்த டிவிஷனில் ஆடினான் என்பது எடுபடாது. மாநில அணிக்கு ஆடினானா, பல்கலைக்கழகத்துக்கு ஆடினானா, சான்றிதழ் எங்கே என்றுதான் கேட்பார்கள். அந்த இடத்துக்குப் போக வேண்டுமானால் பையன் மைதானத்தில் இறங்கி ஆடியிருக்க வேண்டும். பதினோரு பேரில் நான்கு இடத்தைக் கூலிக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டால் நம் பையன்களில் நான்கு பேர் பெஞ்சில். மேல் டிவிஷனுக்குப் போனதும் நான்கு போதாது, ஏழு வேண்டும் என்பார்கள். அப்போது கழகம் மேலே இருக்கும், நம் பையன்கள் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டிருப்பார்கள். நண்பருடைய பையனுக்கு வயது பதினேழு. அந்த நான்கு பேரில் அவனும் ஒருவனாக இருக்கலாம் என்று சொன்னேன். பதில் சொல்லாமல் டீயைக் குடித்தார்.

ஈஸ்டர்ன் ரயில்வே அணி 1958-ல் கல்கத்தா லீகை வென்றது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் மூன்றையும் மீறி வேறு ஒரு அணி அதை மறுபடி வெல்ல 2019 வரை ஆயிற்று. அந்த ரயில்வே அணியின் நட்சத்திரம் பி.கே. பானர்ஜி. பெரிய கிளப்புகள் அத்தனை இருந்தும் அவர் அங்கே போகாமல் ரயில்வேயிலேயே ஆடி முடித்தார். அந்த அணிகளில் ஆடியவனுக்கு முழங்கால் போனாலும் வேலை இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது, பென்ஷன் இருந்தது. இன்றைக்கு ஒரு கிளப் மூடினால் இருபது வயதுப் பையன் கையில் ஒரு பனியன்தான் மிஞ்சும். 2015-லும் 2019-லும் புனேயில் அதுதான் நடந்தது. அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் பிடிவாதம்.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. நன்கொடை கொடுப்போம், தாராளமாகவே கொடுப்போம். வெளியாட்கள் நால்வருக்கு ஒரு சீசனுக்கு ஆகும் பணத்தில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஒரு அணி ஆரம்பிக்கலாம். தகுதிச் சான்று பெற்ற பயிற்சியாளர் ஒருவரை வாரம் மூன்று நாள் வரவழைக்கலாம். மைதான வாடகை, பந்து, காயத்துக்கு மருத்துவச் செலவு எல்லாம் அதில் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நம் குடும்பங்கள் போகட்டும். மாமிகள் புளியோதரை கட்டி எடுத்து வரட்டும், மராத்திக்காரப் பையன்களும் சாப்பிடட்டும். இப்போதிருக்கும் பையன்களே ஆடி ஜெயித்து அடுத்த வருடம் மேலே போனால் மாலையோடு முதலில் நிற்பவன் நான்தான். மூன்று வருடம் ஆனாலும் பரவாயில்லை.

என் பென்ஷனிலிருந்து ஐயாயிரம் ரூபாய் தருவதாகப் பொருளாளரிடம் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: “சிறுவர் அணிக்கு மட்டும்” என்று ரசீதில் எழுதித் தரவேண்டும்.