கிட்டுக்கிட்டயே கேளுங்கப்பா!

நம்ம பசங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விடச் சொன்ன ஃபைலை கிட் விடாமல் பிடித்துக்கொண்டாலும் சரி, வேண்டிய ஃபைலைக் கண்டுகொள்ளாமல் போனாலும் சரி, உடனே கிட்இக்னோர் ஃபைலைத் திறந்து இன்னொரு வரி சேர்ப்பார்கள். அதுவும் நடக்கவில்லையா? முன்னால் ஒரு ஸ்டார், பின்னால் ஒரு ஸ்லாஷ். ஜாதகத்தைப் பார்க்காமலே பரிகாரம் பண்ணுகிற கதைதான்.

பொட்டி தட்டாதவர்களுக்காக ஒரு வரி: கிட் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் எழுதிய மென்பொருள். நாம் எழுதும் கோடில் எப்போது என்ன மாறியது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். எதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற பட்டியல்தான் கிட்இக்னோர்.

அந்தப் பட்டியலில் எந்த வரி எந்த ஃபைலை மறைத்தது என்று கிட்டே சொல்லிவிடும். 'கிட் செக்-இக்னோர்' என்று அடித்து, 'மைனஸ் வி' போட்டு, ஃபைல் பெயரைக் கொடுத்தால் போதும். எந்தப் பட்டியலில், எத்தனையாவது வரி, என்ன விதி என்று மூன்றையும் காட்டும். 2013 மார்ச்சில் வந்த 1.8.2 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஆனால் நான் பார்த்த எந்த லேபிலும் இதைச் சொல்லித் தருவதில்லை. "நெட்டிலிருந்து ஒரு கிட்இக்னோர் எடுத்துப் போட்டுக்கோ" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

அப்படி எடுத்துப் போட்டதன் பலனை அடையாறில் ஒரு ஜூனியர் கோஷ்டி அனுபவித்தது. கிட்ஹப் தரும் பைத்தான் பட்டியலில் 'லிப்' ஃபோல்டரை விடச் சொல்லி ஒரு வரி இருக்கும். இவர்கள் சொந்தமாக எழுதிய கோடை எல்லாம் அதே பெயரில் ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தார்கள். ரிவ்யூ அன்று லேப் கம்ப்யூட்டரில் இறக்கினால் பாதி ப்ராஜெக்ட் காணோம். லேப்டாப்போ வீட்டில். ஆச்சரியக்குறி போட்டால் விதிவிலக்கு என்று எங்கோ படித்து, உள்ளே இருந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஆச்சரியக்குறி வரி ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். பிரயோஜனம் இல்லை.

காரணம் எளிது. அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள். வீதிக்கு உள்ளே இருக்கிற கடைக்காரர் "வரலாம்" என்று போர்டு வைத்து என்ன பயன்? லஸ் பக்கமே ஆட்டோவைத் திருப்பிவிடுவார்கள். கிட்டும் அப்படித்தான். ஃபோல்டரையே விடச் சொல்லியிருந்தால் அதற்குள் எட்டிக்கூடப் பார்க்காது. அந்த ஒரு வரியைத் தூக்கியிருக்க வேண்டும், இல்லை ஃபோல்டருக்கே பின்னால் ஒரு விதிவிலக்கு கொடுத்திருக்க வேண்டும். செக்-இக்னோரிடம் கேட்டிருந்தால் அந்த வரியின் நம்பரோடு சொல்லியிருக்கும்.

சரி, கேட்டும் அது வாயே திறக்கவில்லை என்றால்? அதுவும் பதில்தான்.

நண்பன் ஒருவன் நவராத்திரி சமயத்தில் வடக்கு மாட வீதி பொம்மைக் கடைகளைப் படம் எடுத்து ஒரு தளம் செய்தான். கனமான படங்கள் எல்லாம் 'கொலு' என்ற ஃபோல்டரில். பட்டியலிலும் 'கொலு' என்று அழகாக எழுதியிருந்தான். ஆனாலும் படங்கள் அத்தனையும் உள்ளே வந்துகொண்டே இருந்தன. செக்-இக்னோர் மௌனம், அதாவது எந்த விதியும் பொருந்தவில்லை.

இங்கேதான் நம் தமிழின் விளையாட்டு. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றை மட்டும் சேர்ப்பது ஒரு விதம். கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். முன்னது ஆறு பைட், பின்னது ஒன்பது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கிட் பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும், அதனால் அதற்கு இவை வேறு வேறு பெயர்கள். மேக்கின் பழைய ஃபைல் முறை, ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைத் தானாகவே இரண்டாவது விதத்துக்கு மாற்றிவிடும். 2012ல் வந்த 1.7.12 பதிப்பில் கிட் இதற்கென ஒரு செட்டிங்கே சேர்த்தது.

கிட் ஸ்டேட்டஸ் தமிழ்ப் பெயர்களை எண்களாகக் கக்குகிறது என்று எல்லோரும் திட்டுவோம். இந்த விஷயத்தில் அந்த எண்கள்தான் காட்டிக்கொடுத்தன. ககரத்துக்குப் பின் 340 257 212 என்று வந்தால் ஒற்றைக் குறி. 340 257 206, அடுத்து 340 256 276 என்றால் கொம்பும் காலும். அவனுடைய ஃபோல்டர் இரண்டாவது வகை, பட்டியலில் இருந்த வரி முதல் வகை. "இங்கிலீஷில் பெயர் வைத்துத் தொலையேன்" என்று அட்வைஸ் வந்தது. எதற்கு? அதே வரியை இரண்டு விதமாகவும் எழுதினான், முடிந்தது.

மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏற்கெனவே கமிட் ஆன ஃபைலை இக்னோர் தடுக்காது, செக்-இக்னோரும் அதைப் பற்றிப் பேசாது. பேச வைக்க 'நோ-இண்டெக்ஸ்' சேர்த்துக் கேட்க வேண்டும். பாஸ்வேர்டு ஃபைலை கமிட் பண்ணிவிட்டு அப்புறம் இக்னோரில் சேர்க்கிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். 'கிட் ஆர்எம்' கட்டளையோடு 'கேஷ்ட்' சேர்த்து எடுத்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். 2016ல் ஊபரின் தனியார் கிட்ஹப் கிடங்குக்குள் புகுந்தவர்களுக்கு அமேசான் சர்வர் சாவி அங்கேயே கிடைத்தது. 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் போனது. ஆகவே அந்த மாதிரி நேரத்தில் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பட்டியலைத் திருத்துவது அப்புறம்.