எங்கே கிடைத்தது?



பழம்பொருள் சேர்ப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளைக்கல் வெட்டிய பள்ளம் ஒன்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. அத்தகைய கற்கள் மிகத் தொன்மையான மனிதர்களின் கைவேலைதான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டே அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கு முதல் சான்று நம் பல்லாவரத்துக் கல். அதே ஆண்டு சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து, கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார்.

பிறகு நாற்பது ஆண்டுகள் தென்னாடு முழுக்கத் தேடிச் சேர்த்தார். 1904இல் அந்தச் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. சேர்த்ததைவிட, ஒவ்வொன்றும் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்தப் பட்டியல் அவர் மறைந்த பிறகு நூலாக வந்தது. அவர் குறித்துவைத்த அதே அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 1999 முதல் அகழாய்வு செய்தது. அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் உலகுக்குத் தெரிந்தது.

கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகளையும் சொல்ல வேண்டும். மாக்கோதை, கொல்லிப்புறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன என்றால், உருக்குப் பட்டறைக்குப் போகாமல் அவற்றைக் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றிய ஆர்வலர்களுக்கு அதில் பெரும் பங்குண்டு. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் கைமாறி வந்த காசு, எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தது என்பதைச் சொல்லாது. கிடைத்த இடம் தெரியாத பொருள் பாதி ஊமை.

கிணறு வெட்டும்போதும் ஏர் ஓட்டும்போதும் தாழியும் கறுப்பு சிவப்புப் பானை ஓடும் தட்டுப்படுகிற ஊர்கள் நம்மிடம் ஏராளம். அப்படி எதையாவது கண்டால் தோண்டி எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். இருந்த நிலையிலேயே படம் பிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். மண்ணில் கிடைக்கும் புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாத்தா சேர்த்த பழங்காசுகள் வீட்டில் இருந்தால், அவை எங்கே, எப்போது கிடைத்தன என்று பெரியவர்களிடம் இன்றே கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்தக் காசுகளோடு வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்