முட்டையின் வயதையும் எழுத வேண்டும்

மீன் குஞ்சு வாங்க வரும் பண்ணையாளர் முதலில் கேட்பது எண்ணிக்கை. அடுத்துக் கேட்பது விலை. முட்டை கருவுற்று எத்தனை நாளாயிற்று, எந்த வெப்பநிலையில் வளர்ந்தது என்று கேட்பவர் அரிது. வழியில் சேதம் ஏற்பட்டால் லாரியையும் வெயிலையும் குறை கூறுவது வழக்கம். ஆனால் அனுப்பத் தகாத வயதில் முட்டையை அனுப்பினால், குலுங்காத வண்டியும் அதைக் காப்பாற்றாது.

குளிர்நீர் மீனான டிரவுட் இதற்கு நல்ல சான்று. கருவுற்றதும் அதன் முட்டை நீரை உறிஞ்சி விறைப்பாகிறது. அதன்பின் முதல் ஓரிரு நாட்களுக்குள் குளிர்ச்சி குறையாமல் எடுத்துச் செல்லலாம். அடுத்து வருவது தொடவே கூடாத காலம். கருவின் மெல்லிய படலம் மஞ்சள் கருவைச் சூழ்ந்து பரவும் நேரம் அது. சிறு அதிர்ச்சியிலும் படலம் கிழிந்து முட்டை வெளுத்துவிடும். அடை முட்டையைக் குலுக்கினால் கூமுட்டையாகும் என்று கிராமத்தில் சொல்வது இங்கும் பொருந்தும். 10 டிகிரி செல்சியஸ் நீரில் ஏறத்தாழ 16 நாட்களில் ஓட்டின் ஊடே இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவை குஞ்சின் கண்கள். அது முதல் பொரிக்கும் நாள் நெருங்கும் வரை முட்டை பயணத்தைத் தாங்கும்.

1864-ல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு 'நார்போக்' என்ற கப்பலில் சால்மன், டிரவுட் முட்டைகள் சென்றன. அதற்கு முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன. இம்முறை ஈரப்பாசியில் பொதிந்து, மரப்பெட்டிகளில் அடுக்கி, பனிக்கட்டி அறையில் வைத்தனர். ஏறத்தாழ மூன்று மாதப் பயணம்! குளிரில் கருவின் வளர்ச்சி மெதுவானதால் முட்டைகளில் ஒரு பகுதி உயிருடன் சேர்ந்தது; டிரவுட் அங்கே நிலைத்தது. நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. 1900-க்குப் பின் எச்.சி.வில்சனின் உழைப்பால்தான் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து மீன் பெருகியது.

இன்றும் முறை அடிப்படையில் அதுவே. மேல் தட்டில் பனிக்கட்டி, கீழ்த் தட்டுகளில் ஈரத்துணிக்கு இடையே முட்டை. உருகும் நீர் சொட்டி நனைக்க வேண்டும். அடியில் தேங்காமல் வடிய வேண்டும். முட்டைக்கு ஈரமும் காற்றும் போதும். நேர் வெயில் பட்டால் கேடு. அனுப்புவதற்கு முன், கண்புள்ளி தெரிந்த முட்டைகளை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றினால், கருவுறாதவை வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். இதற்குச் சோம்பிய பொரிப்பகம் பூசணம் பிடிக்கும் முட்டைகளையும் சேர்த்தே விற்கிறது.

பெட்டி வந்து சேர்ந்த முதல் அரை மணி நேரத்தில் அவசரம் கூடாது. தொட்டி நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, இரண்டின் வெப்பநிலையும் ஒன்றான பின்பே முட்டையை இறக்க வேண்டும். பெட்டியில் வந்த நீரைத் தொட்டியில் கொட்டுவது, நோயை விலை கொடுத்து வாங்குவதாகும்.

சமவெளிக் குளங்களுக்கு முட்டையாகவே வாங்கினால் மலிவு என்று சிலர் எண்ணுகின்றனர். கட்லா, ரோகு, மிர்கால் முட்டைகள் சுமார் 28 டிகிரி நீரில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரித்துவிடும். பயணத்துக்கு ஏற்ற இடைவெளியே அவற்றுக்கு இல்லை. மூன்று நாள் நுண்குஞ்சாகவோ, அதனினும் வளர்ந்த குஞ்சாகவோ வாங்குவதே சரி. வளர்ந்த குஞ்சுகளை முதல் நாளே இரையின்றி வைத்து, மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி பிராணவாயுவும் நிரப்பிய பாலித்தீன் பையில் அனுப்ப வேண்டும். வந்த பையை உடனே கவிழ்க்காமல் குளத்து நீரில் கால் மணி முதல் அரை மணி நேரம் மிதக்க விட்டு, பின் குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகள் தாமே நீந்தி வெளிவர விடுவது நன்று.

விதை மூட்டையில் முளைப்புத்திறனும் தேதியும் இருக்கின்றன. மீன் முட்டைப் பெட்டியிலும் குஞ்சுப் பையிலும் எண்ணிக்கையோடு கருவுற்ற நாள் அல்லது பொரித்த நாள், நீரின் வெப்பநிலை, கட்டிய மணி ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். பொரிப்பகத்துக்கு இதனால் செலவு ஒரு சீட்டுதான். அது இல்லாத பெட்டியைப் பண்ணையாளர் திருப்பி அனுப்பலாம்.