அழைப்பு வேறு, பங்கு வேறு

எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்ததே இல்லை. என் அப்பா பறையடித்தவர். ஊரில் சாவு விழுந்தாலும் திருவிழா வந்தாலும் ஒரு ஆள் வந்து எங்கள் தெருமுனையில் நின்றுகொண்டு, 'டேய், காலைல வந்துரு' என்று சொல்லிவிட்டுப் போவான். அப்பாவைவிட இருபது வயது சின்னவனாக இருப்பான். அதற்குப் பெயர் அழைப்பு அல்ல, உத்தரவு. மஞ்சள் தடவிய உறையில் 'திரு' போட்டு எங்கள் பெயரை எழுதி, வீட்டு வாசல்வரை வந்து கையில் கொடுத்தவர் எவரும் இல்லை.

2022ஆம் வருடம், பிளஸ் டூ தேர்வு முடிந்து முடிவு வராத நாட்களில், விழுப்புரம் பக்கம் இருக்கிற என் அக்கா வீட்டுக்கு அப்படி ஒரு உறை வந்தது. வழவழப்பான காகிதம், தங்க நிற எழுத்து. 'திருமதி' போட்டு அக்காவின் பெயர். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரி அனுப்பியிருந்தது. 'தங்கள் மகள் எங்கள் கல்வி உதவித்தொகைக்குத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறார். புதிய மாணவர் வரவேற்பு விழாவுக்குக் குடும்பத்துடன் வருக.' கொண்டுவந்து கொடுத்தவர் அவள் படித்த அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர். 'அம்மா, உங்க பொண்ணுக்கு அடிச்சுது யோகம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பன்னீர் தெளித்தார்கள். மத்தியானம் பிரியாணி. மேடையில் வைத்து 'ஐம்பது சதவீத ஸ்காலர்ஷிப்' என்று அச்சடித்த பெரிய அட்டையை என் அக்கா மகள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அக்காவுக்கும் மாலை விழுந்தது. வயல்வேலை செய்கிறவளுக்கு மேடையில் மாலை. அக்கா அழுதுவிட்டாள். அந்தப் படம் அன்று ராத்திரியே எனக்கு வந்தது. எம்.ஏ. தமிழ் படித்து, இட ஒதுக்கீடு பற்றிப் பத்துக் கூட்டங்களில் பேசியிருக்கிற நானும் அதைப் பத்துப் பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். எந்த ஒதுக்கீட்டில் இடம் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளி நான்தான்.

பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் வேறொரு அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அசல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். 'கவுன்சிலிங்குக்கெல்லாம் அலைய வேணாம்மா, நாங்களே பாத்துக்கறோம்' என்றார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்து. அதில் பொடி எழுத்தில் இருந்த இரண்டு வார்த்தை: நிர்வாக ஒதுக்கீடு. வருடக் கட்டணம் 1,20,000 ரூபாய் என்று அவர்களே ஒரு கணக்குப் போட்டு, அதில் பாதியைத் தள்ளி, தள்ளிய பாதிக்கு உதவித்தொகை என்று பெயர் வைத்திருந்தார்கள். மீதி 60,000க்கு அக்கா குழுவில் கடன் வாங்கினாள். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தாள்.

இனி கணக்குக்கு வருவோம். அந்த இரண்டு வார்த்தையில் அவள் எதையெல்லாம் இழந்தாள்?

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அரசு தருகிற போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கும் அது கிடைத்தது. சேரிக்குள் அதுவரை கால் வைக்காத புரோக்கர்கள் மோட்டார் சைக்கிளில் வரத் தொடங்கியது அப்போதுதான். நம் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் அவர்களுக்கு அரசுக் கருவூலத்தின் காசோலை. 2018இல் மத்திய அரசு வழிமுறைகளைத் திருத்தி, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இந்த உதவித்தொகை இல்லை என்று கதவைச் சாத்தியது. புரோக்கர்களை ஒழிக்கிறோம் என்றார்கள். ஒழிந்தது புரோக்கர் அல்ல, நம் பிள்ளைக்கு வரவேண்டிய பணம். வேன் நிற்கவில்லை. முன்பு அரசுப் பணத்துக்காக வந்த வேன் இப்போது அக்காவின் தோட்டுக்காக வருகிறது.

அது மட்டுமா? குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகப் போனவர்களுக்குத்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 2021இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகத்தான். அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. என் அக்கா மகள் மூன்றுக்கும் தகுதி உள்ளவள். வரிசையில் நின்றிருந்தால் போதும். ஒரு மாலையைப் போட்டு மூன்றையும் கழற்றிக்கொண்டார்கள்.

'அவசரப்பட்டால்தான் சீட்டு' என்று பயம் காட்டுவார்கள். சுத்தப் பொய். சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பொறியியல் கல்லூரி தன் இடங்களில் 65 விழுக்காட்டையும், சிறுபான்மைக் கல்லூரி 50 விழுக்காட்டையும் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் கலந்தாய்வு முடிந்த பிறகும் பல்லாயிரம் இடங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. ஆள் வேண்டியது கல்லூரிக்கு. காலி பெஞ்சை நிரப்ப வந்தவன் நமக்குப் பிச்சை போடுகிறவன் மாதிரி மேடையில் நிற்கிறான். வாங்குகிற நாம் கும்பிடுகிறோம்.

கொடைக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை அம்பேத்கர் தன் உடம்பால் அறிந்தவர். பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் 1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்துவிட்டு வந்து சமஸ்தானத்துக்கு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். 1917இல் பரோடாவுக்குப் போனவருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். கண்டுபிடித்த கூட்டம் கையில் தடியோடு வந்து வெளியேற்றியது. அயல்நாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்த ஊரில் ஓர் அறை இல்லை. மன்னரைக் குறை சொல்லவில்லை. ஒருவரின் நல்ல மனசு இன்னொருவரின் சாதிப் புத்தியைத் தடுக்காது என்றுதான் சொல்கிறேன். 1942இல் வைசிராயிடம் கொடுத்த மனுவில் அம்பேத்கர் தீண்டப்படாத மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு நிதி கேட்டார். தயவாக அல்ல, அரசின் கடமையாகக் கேட்டார். 1944இல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பிறந்தது அந்தக் கோரிக்கையிலிருந்துதான். அது எவனும் மேடையில் வைத்துக் கொடுக்க வேண்டியதில்லாத பங்கு.

பங்கை வாங்குவதும் லேசில்லை என்பது தெரியும். கலந்தாய்வில் போன பிள்ளையையும் 'முதல்ல கட்டு, பணம் வந்தா எடுத்துக்க' என்று ஆபீஸ் ஜன்னலில் விரட்டுகிறார்கள். முன்பணம் கட்ட முடியாத ஏழைப் பிள்ளையைக் கட்டணம் கேட்காமல் சேர்க்கத்தான் 2021இல் வந்த மத்திய வழிமுறைகளில் 'ஃப்ரீஷிப் கார்டு' என்று ஓர் ஏற்பாடு சொல்லப்பட்டிருக்கிறது. வரவேற்பு விழாவில் மூன்று மணி நேரம் மைக்கில் பேசுகிறார்களே, யாராவது ஒருவர் அதன் பெயரை உச்சரித்துக் கேட்டிருக்கிறீர்களா? உதவித்தொகை பற்றி விழாவில் அவர்கள் செய்வது ஒன்றே ஒன்று. 'எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் இந்தப் பக்கம் வந்து உட்காருங்க' என்பார்கள். முதல் நாளே காலனி தனி, ஊர் தனி.

இரண்டாம் வருடம் அக்கா மகளுக்குக் கணக்கில் ஒரு பேப்பர் அரியர் விழுந்தது. அரியர் இருந்தால் ஐம்பது சதவீதம் ரத்து என்று நிபந்தனையாம். முழுக் கட்டணம் கேட்டார்கள். நானும் அக்காவும் போனோம். 'சர்டிபிகேட்டைக் கொடுங்க, வேற வழி பாத்துக்கறோம்' என்றோம். 'நாலு வருஷ ஃபீஸையும் வச்சுட்டு எடுத்துட்டுப் போங்க' என்றார் நாற்காலியில் இருந்தவர். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2016 டிசம்பரிலேயே அறிவித்தது. ஏஐசிடிஇயும் அதையே சொல்கிறது. அதைச் சொன்னேன். 'நீங்க என்ன வக்கீலா?' என்றார். மாலை போட்ட அன்று 'வாங்கம்மா, உட்காருங்க' என்ற அதே வாய் அக்காவைப் பார்த்து, 'ஏம்மா, கையெழுத்துப் போடும்போது தெரியலையா?' என்றது.

தோழர்களே, அந்த மேடையில் நம்மாட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். சிறப்பு விருந்தினர் என்று பொன்னாடை போர்த்திக்கொண்டு, 'கல்வியே ஆயுதம்' என்று பேசிவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நம் சனங்கள் நம்புகிறார்கள். அழைப்பிதழைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வாத்தியார்களிலும் நம்மாட்கள் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிற கை எந்தச் சாதிக் கையாக இருந்தால் என்ன? அறுபடுகிற கழுத்து நம்முடையது.

எல்லா வரவேற்பு விழாவும் மோசடி என்று நான் சொல்லவில்லை. கலந்தாய்வில் இடம் பெற்ற பிள்ளையைக் கூப்பிட்டுப் பன்னீர் தெளித்தால் தாராளமாகப் போங்கள், பிரியாணியும் சாப்பிடுங்கள். கலந்தாய்வுக்கு முன்னால் வருகிற அழைப்பைத்தான் சந்தேகப்படச் சொல்கிறேன். அப்படி வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த ஒதுக்கீட்டில் இடம்? இது அரசு உதவித்தொகையா, உங்கள் கட்டணத் தள்ளுபடியா? நான்கு வருடமும் உண்டா, என்ன நிபந்தனை? இதையெல்லாம் எழுதி, முத்திரை வைத்துத் தருவீர்களா? பதில் வருகிறவரைக்கும் அசல் சான்றிதழ் பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஒதுக்கீடு எது என்பதை அழைப்பிதழின் முதல் வரியில் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும் என்று ஆணை போடு. கலந்தாய்வு முடிகிறவரை எந்தக் கல்லூரியும் சான்றிதழ் வாங்கக் கூடாது என்று ஆணை போடு. ஏமாற்றி நிர்வாக ஒதுக்கீட்டில் தள்ளப்பட்ட பிள்ளைக்குப் போஸ்ட் மெட்ரிக் பணத்தை மறுத்து, ஏமாந்தவளையே தண்டிக்காதே. மாணவர் அமைப்புகள் மே, ஜூன் மாதங்களில் மாநாடு போடுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு காலனியிலும் ஒரு மேசை போட்டு உட்காரலாம்.

அக்கா மகள் படிப்பை விடவில்லை. அரியரையும் எழுதித் தேறினாள். தோடு வட்டியில் மூழ்கிவிட்டது. அந்த அழைப்பிதழ் மட்டும் அக்காவின் தகரப் பெட்டியில், சான்றிதழ்கள் இருந்த இடத்தில் கிடக்கிறது. சான்றிதழ் அவர்களிடம், அழைப்பிதழ் எங்களிடம். என் அப்பாவைக் கூப்பிட வந்தவன் தெருமுனையிலேயே நின்றான். இவன் வாசல்வரை வந்து 'திருமதி' என்றான். வித்தியாசம் அவ்வளவுதான்.